ஜிக்கிங்குக்கு எந்த முள், எந்த அளவு? கடலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் முதல்முறை ஜிக்கிங் போனபோது என்னிடம் ஆறு ஜிக்குகள் (மீன் மாதிரி வார்த்த உலோக இரைகள்) இருந்தன. அவற்றை ஆழத்தில் இறக்கி மேலும் கீழும் ஆட்டி மீன் பிடிப்பதுதான் ஜிக்கிங். ஆறிலும், வாங்கும்போதே வாலில் தொங்கிய மும்முள்தான். நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) மேல் இறக்கினோம். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஜிக்குகள் கல்லில் சிக்கி அறுந்தன. நான்காவதில் நல்ல பாறை மீன் ஒன்று ஏறியது. படகோரம் வரை வந்து, தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது. மேலே எடுத்துப் பார்த்தால் மும்முள்ளில் இரண்டு கால்கள் நிமிர்ந்திருந்தன.

அடுத்தமுறை அந்தப் பயத்தில் கனமான 7/0 முள்ளை 80 கிராம் ஜிக்கில் மாட்டிக்கொண்டு போனேன். மீன் தட்டுவது கையில் தெரிந்தது, ஆனால் நாள் முழுக்க ஒன்றுகூட மாட்டவில்லை. இரண்டு பயணங்களின் படகு வாடகையும் ஜிக்குகளும் சேர்த்து நான் இழந்த பணத்துக்கு ஒரு நல்ல ரீலே வாங்கியிருக்கலாம். அந்தச் செலவு உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முள்ளின் பாகங்களை இப்படிச் சொல்லப் போகிறேன்: நரம்போ கயிறோ கட்டும் வளையம் கண். நேராக இறங்குவது தண்டு. தண்டுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி வாய் அகலம். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதில் பார்ப். இவற்றில் வாய் அகலத்தை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள்.

1. எந்த ஜிக்கிங் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய் “ஜிக்கிங் முள் கொடுங்கள்” என்று கேட்டால் கையில் இருப்பதைத் தருவார்கள். ஜிக்கிங் ஒரே வகை கிடையாது.

வேக ஜிக்கிங்கில் நீளமான, ஒல்லியான ஜிக்கை அடியிலிருந்து விடாமல் வெட்டி வெட்டி இழுப்போம். வஞ்சிரம், சூரை, பாறை போன்ற துரத்தும் மீன்களுக்கு இது. மீன் முழு வேகத்தில் வந்து அடிக்கும். தடியும் விறைப்பானது. அதனால் கனமான கம்பியில் செய்த பெரிய முள் தாங்கும், வேண்டியதும் அதுதான்.

ஸ்லோ பிட்ச்சில் இலை மாதிரி அகலமான ஜிக்கை மெல்லத் தூக்கிவிட்டு விழ விடுவோம். விழும்போது அது படபடத்துச் சரியும், மீன் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கடிக்கும். கலவா, சங்கரா, விளமீன் எல்லாம் இதற்கு வரும். தடி மென்மையாக இருப்பதால் ஓங்கி அடித்து முள்ளை ஏற்ற முடியாது. கடித்தவுடன் தானே இறங்கும் மெல்லிய, கூரான முள் வேண்டும்.

மூன்றாவது, ஈயத்தலை ஜிக்கில் ரப்பர் மீனைக் கோத்து ஆடுவது. முகத்துவாரத்தில் கொடுவாவுக்கும் கரையோரப் பாறை மீனுக்கும் இதுதான் வசதி. இதில் முள் ஈயத்தோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். பிறகு மாற்ற முடியாது என்பதால் வாங்கும்போதே சரியாக வாங்க வேண்டும். இதைத் தனியாக ஆறாம் படியில் சொல்கிறேன்.

புதியவர் என்றால் ஸ்லோ பிட்ச்சில் தொடங்குங்கள். கை வலி குறைவு. நம் பக்கத்துப் பார்களில் மீனும் விதவிதமாக வரும்.

2. எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முள்ளின் எண்கள் இரண்டு திசையில் ஓடும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூட முள் பெரிதாகும். ஆக 2 என்பதும் 2/0 என்பதும் வேறு வேறு. இணையத்தில் வாங்கும்போது அந்தச் சாய்கோட்டையும் சுழியையும் கவனிக்காமல் விட்டு, கெண்டைக்குப் போடும் முள்ளை வஞ்சிரத்துக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. இந்த எண்களுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் எண் போடும், ஒரே நிறுவனத்தின் இரண்டு வகைகளிலும் அது மாறும். என்னிடம் 3/0 என்று அச்சிட்ட இரண்டு பொட்டலங்கள் உள்ளன. ஒன்றின் வாய் அகலம் 14 மில்லிமீட்டர், மற்றதில் 17. அந்த 3 மில்லிமீட்டரில் மீன் மாட்டுவதும் மாட்டாததும் மாறிவிடுகிறது. அதனால் எண்ணைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாங்குவதை அளவுகோலால் முடிவு செய்யுங்கள்.

3. ஜிக்கின் அகலத்தையும் முள்ளின் வாயையும் அளங்கள்

முழு வேலையில் முக்கியமான படி இதுதான். ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் 150 ரூபாய்க்குக் கிடைக்கும். பள்ளிக்கூட ஸ்கேல் இருந்தாலும் போதும்.

நீள ஜிக்கை எடுத்து, முள் தொங்கும் இடத்தில் அதன் அகலத்தை அளங்கள். முள்ளின் வாய் அகலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். ஜிக் 15 மில்லிமீட்டர் என்றால் முள்ளின் வாய் 18 முதல் 20 வரை. காரணம் எளிது. மீன் ஜிக்கோடு சேர்த்து முள்ளை வாயில் கவ்வும்போது ஜிக்கின் உடல் முள்நுனிக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும். வாய் குறுகலான முள்ளில் நுனி சதையைத் தொடவே வழியில்லை.

சரியாக ஜிக்கின் அகலத்துக்கே முள்ளின் வாயும் இருந்தால் இன்னொரு சிக்கல். விழும்போது முள் ஜிக்கை அணைத்துப் பிடித்து அப்படியே இறுகிவிடும். மேலே எடுத்துப் பார்க்கும்வரை உங்களுக்குத் தெரியாது, அரை மணி நேரம் வெறும் ஈயத்தை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். வாங்கும் முன் முள்ளை ஜிக்கின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். தானாக நழுவி விழ வேண்டும்.

ஸ்லோ பிட்ச் ஜிக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 100 கிராம் இலை ஜிக்கின் அகலம் பல சமயம் 25 மில்லிமீட்டரைத் தாண்டும். அதைவிட அகலமான முள்ளைப் போட்டால் அதன் எடையே ஜிக்கின் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். அங்கே சின்ன முள் இரண்டை ஜோடியாகப் போட வேண்டும். ஜிக்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று தொங்கும், மீன் எந்தப் பக்கம் கவ்வினாலும் ஒரு நுனி வெளியே இருக்கும். நான் இரண்டாவது பயணத்தில் செய்த தவறு இங்கேதான் இருந்தது. 80 கிராம் இலை ஜிக்கில் கனத்த 7/0 முள். அது படபடக்காமல் கல் மாதிரி விழுந்திருக்கிறது.

இப்போது என் பெட்டியில் இருப்பவை, தொடங்குவதற்கான கணக்காக:

20 முதல் 40 கிராம் வரை சின்ன ஜிக்: 1 அல்லது 1/0.
60 முதல் 100 கிராம் ஸ்லோ பிட்ச்: 1/0 அல்லது 2/0, ஜோடியாக.
120 முதல் 200 கிராம் ஸ்லோ பிட்ச்: 2/0 முதல் 4/0 வரை, ஜோடியாக.
100 முதல் 150 கிராம் நீள ஜிக்: 4/0 அல்லது 5/0.
200 கிராமுக்கு மேல் நீள ஜிக்: 5/0 முதல் 7/0 வரை.

வாங்கியதும் அளங்கள். அளவு ஒத்துவரவில்லை என்றால் ஓர் எண் மேலேயோ கீழேயோ போங்கள்.

4. கம்பியின் கனத்தை உங்கள் டிராக்கோடு பொருத்துங்கள்

மெல்லிய கம்பி எளிதில் ஏறும், எளிதில் நிமிரும். கனத்த கம்பி நிமிராது, ஆனால் ஏற்றுவதற்கு ஓங்கி அடிக்க வேண்டும். எது சரி என்பது உங்கள் தடியையும் ரீலின் டிராக்கையும் (எவ்வளவு இழுப்புக்கு மேல் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்ற பிடிமானத்தையும்) பொறுத்தது.

நரம்பின் தாங்கு திறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் வைப்பது வழக்கம். 40 பவுண்ட் பின்னல் நரம்பு என்றால் ஏறத்தாழ 18 கிலோ, டிராக் 4.5 முதல் 6 கிலோ. உங்கள் முள் 6 கிலோ இழுப்பில் வளையக் கூடாது. சோதிக்க வழி இருக்கிறது. பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை எடுங்கள், 300 ரூபாய்க்குக் கிடைக்கும். முள்ளின் வளைவில் ஒரு கயிற்றுக் கண்ணியை மாட்டி, மறுமுனையைத் தராசில் கோத்து 8 அல்லது 9 கிலோ வரை இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முள் தெறித்தால் முகத்துக்குத்தான் வரும். வாய் விரிந்தால் அந்தப் பொட்டலத்தைச் சின்ன ஜிக்குக்கு ஒதுக்கிவிடுங்கள். இழுத்துப் பார்த்த முள்ளை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

ஜிக்கோடு இலவசமாக வரும் மும்முள்ளை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பாரில் சிக்குவது, நிமிர்வது, படகில் மீன் துள்ளும்போது கையில் ஏறுவது என்று மூன்று ஆபத்தும் அதில் உண்டு. கல் இல்லாத மணல் தரையில் கரையிலிருந்து வீசுகிறவர்கள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

துருப்பிடிக்காத ஸ்டெய்ன்லெஸ் முள் நல்லதுதானே என்று கேட்பீர்கள். கார்பன் எஃகில் தகரப் பூச்சு போட்ட முள்ளைத்தான் நான் வாங்குகிறேன். கூர் நன்றாக இருக்கும். நரம்பு அறுந்து மீன் வாயோடு போய்விட்டாலும் நாளடைவில் துருப்பிடித்து உதிரும். தப்பிய மீன் அதைக் காலமெல்லாம் சுமக்க வேண்டியதில்லை.

5. அசிஸ்ட் முள்: முன்னாலா, பின்னாலா, எவ்வளவு கயிறு?

ஜிக்கில் முள் நேராகப் பூட்டப்படுவதில்லை. வலுவான பின்னல் கயிற்றில் கட்டி, ஒரு வளையத்தில் தொங்க விடுவோம். இதற்குப் பெயர் அசிஸ்ட் முள். மீன் தலையை உதறும்போது ஜிக்கின் எடை முள்ளை நெம்பாமல் இருக்க இந்தக் கயிறு உதவுகிறது.

வேக ஜிக்கிங்குக்குப் பொதுவாக முன்பக்கம், அதாவது நரம்பு கட்டும் பக்கம் மட்டும் போதும். ஸ்லோ பிட்ச்சுக்கு முன்னும் பின்னும் ஜோடி போடலாம். ஆனால் கரடுமுரடான பாரின் மேல் என்றால் பின்பக்கத்தைக் கழற்றிவிடுங்கள், அடியில் முதலில் தொடுவது அதுதான். வஞ்சிரமும் சீலாவும் இரையின் வாலைத்தான் முதலில் வெட்டும். அவை மேயும் இடத்தில் பின்னால் ஒரு முள் இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட தடம் மட்டும்தான் ஜிக்கில் மிஞ்சும். அவற்றின் பல் கயிற்றையும் அறுக்கும் என்பதால், உள்ளே மெல்லிய உலோகக் கம்பி ஓடும் அசிஸ்ட் கயிறு கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கயிற்றின் நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முன் முள்ளின் வளைவு ஜிக்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கலாம், பாதியைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் போட்டிருந்தால் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று மடக்கி மேசை மேல் வையுங்கள். தொட்டால் கடலில் நிச்சயம் கோத்துக்கொள்ளும். ஜோடி முள்ளில் ஒரு கயிறு மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் தங்களுக்குள் பின்னிக்கொள்வது குறையும்.

பூட்டும் வரிசை: லீடரை (பின்னல் நரம்பின் முனையில் சேர்க்கும் தனி நரம்பை) முழு வளையத்தில், அதாவது வெட்டில்லாத திட வளையத்தில் கட்டுங்கள். அசிஸ்ட் கயிற்றின் கண்ணியும் அதே திட வளையத்தில். அந்தத் திட வளையத்தையும் ஜிக்கையும் இணைப்பது, சாவி வளையம் மாதிரி பிரித்து மாட்டும் ஸ்பிளிட் ரிங். இப்படிச் செய்தால் மீனின் இழுப்பு முள்ளிலிருந்து நேராக லீடருக்குப் போகும். லீடரை ஸ்பிளிட் ரிங்கிலேயே கட்டினால் அதன் வெட்டுமுனை நரம்பை மெல்ல அறுக்கும், பெரிய மீனுக்கு ரிங்கும் விரியும். என் நண்பர் ஒருவர் ஒரு பெரிய கடல்விராலை இப்படித்தான் இழந்தார். முள், கயிறு, நரம்பு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

6. ஈயத்தலை ஜிக் வாங்கும்போது

ரப்பர் மீனை ஈயத்தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முள்நுனி வெளியே வரும் இடம் ரப்பரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வால் ஆடாது. குறைந்தால் மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். 3 அங்குல ரப்பருக்கு 1/0 அல்லது 2/0, 4 அங்குலத்துக்கு 3/0 அல்லது 4/0, 5 அங்குலத்துக்கு 5/0 அல்லது 6/0.

கொடுவாவுக்கு என்றால் மெல்லிய கம்பி வேண்டவே வேண்டாம். அதன் வாய் கெட்டி, தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும் பழக்கம் வேறு. எடை சரியாக இருக்கிறதே என்று ஏரி மீனுக்கான ஈயத்தலையை வாங்கிவிடாதீர்கள். பொட்டலத்தில் முள்ளின் வலுவைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

7. எவ்வளவு செலவாகும், எப்போது வாங்க வேண்டும்?

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். தயாராகக் கட்டிய ஜோடி அசிஸ்ட் முள் ஒன்று 100 முதல் 300 ரூபாய். ஜப்பான் பொருள் என்றால் அதற்கு மேல். தனி முள் பத்து அடங்கிய பொட்டலம் 250 முதல் 600. கயிறும் திட வளையங்களும் தனியாக 500 ரூபாய்க்கு வாங்கினால் முப்பது முள்ளாவது கட்டலாம். முதல் இரண்டு பயணங்களுக்குத் தயாராகக் கட்டியதையே வாங்குங்கள். எந்த நீளம், எந்த அளவு உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு நீங்களே கட்டலாம். ஸ்பிளிட் ரிங் பிரிக்கும் குறடு 300 ரூபாய், அது இல்லாமல் நகம் பிய்ந்துவிடும்.

ஒரு பயணத்துக்கு ஓர் ஆளுக்கு ஆறு முதல் எட்டு ஜோடி வேண்டும். நான்கு பேர் சேர்ந்து படகு எடுத்தால் அரை நாளுக்கு ஆளுக்கு 2000 ரூபாய் வரை எங்களுக்கு ஆகிறது. அவ்வளவு கொடுத்துப் போகும் இடத்தில் முள் தீர்ந்துபோய் உட்கார்ந்திருப்பது வேதனை.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்பார்கள், ஆதார் அல்லது பான் நகலைக் கோப்பாகத் தயாராக வையுங்கள். சுங்க வரி தனி. நான் அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டு, என் பொட்டலம் பயணம் முடிந்த மறுவாரம் வந்தது. விமானத்தில் போகிறவர்கள் முள், ஜிக், குறடு எல்லாவற்றையும் சரக்குப் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

8. கிளம்பும் முன்

ஆதார் அட்டையை நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், கடலில் சோதனைக்குக் கேட்பார்கள். படகு பதிவானதா, ஆளுக்கொரு உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பை முதல்நாள் மாலையும் அன்று அதிகாலையும் பாருங்கள். கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் படகில் எல்லோருடைய கைபேசியிலும் சேமித்துவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் எந்தப் படகில் போகலாம் என்று ஊரில் கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், புதியவர் அப்போது போக வேண்டாம். மன்னார் வளைகுடாப் பக்கம் போகிறவர்கள் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டி எக்காரணம் கொண்டும் தூண்டில் இறக்காதீர்கள்.

9. கடலில்

நீவாடு (நீரோட்டம்) வலுத்தால் ஜிக்கின் எடையைக் கூட்டுவோம். அப்போது முள்ளையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 80 கிராமில் இருந்ததைக் கழற்றி 200 கிராமில் மாட்டினால் மீண்டும் மூன்றாம் படியின் சிக்கல்தான். எடைவாரியாகத் தனித்தனி உறையில் முள்ளோடு சேர்த்தே வைத்திருந்தால் ஆடும் படகில் தேட வேண்டாம்.

ஒவ்வொருமுறை கல்லில் உரசியதும் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்து இழுங்கள். நகத்தில் பதிந்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மாற்றுங்கள். மெல்லிய முள்ளை அரத்தால் தீட்ட நான் முயல்வதில்லை, பூச்சு போய் மறுநாளே துரு பிடிக்கிறது.

மீன் தட்டுகிறது, ஆனால் மாட்டவில்லை என்றால் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு முள்ளை ஓர் அளவு சிறிதாக்குங்கள். சங்கராவும் விளமீனும் பெரும்பாலும் இதற்கு இணங்கும். மாட்டியது பாதி வழியில் கழன்றுகொண்டே இருந்தால் ஓர் அளவு பெரிதாக்குங்கள், அல்லது டிராக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

முள்ளைக் கழற்ற நீளமான குறடு, முள்ளையே வெட்டக்கூடிய வெட்டுக்குறடு, இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சதையில் பார்ப் தாண்டி இறங்கிய முள்ளைப் படகில் பிய்க்காதீர்கள். கயிற்றை வெட்டி, ஜிக்கின் எடையை நீக்கி, துணியால் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பி மருத்துவரிடம் போங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். முதல் சில பயணங்களுக்குக் குறடால் பார்ப்பை நசுக்கிவிட்டுப் போவது நல்லது. நரம்பைத் தொய்ய விடாமல் சுற்றினால் மீன் அப்படியொன்றும் கழன்றுவிடாது.

வீட்டுக்கு வந்ததும் பயன்படுத்திய முள்களை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, அப்புறம்தான் பெட்டியில் போட வேண்டும். ஈரமான ஒரே ஒரு முள் போதும், பக்கத்தில் இருக்கும் புது முள்களிலும் துரு ஏறிவிடும். கயிறு நூல் பிரிந்திருந்தாலோ நுனி லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். போடும் முன் நுனியை வெட்டி ஒரு பாட்டிலில் அடைத்துவிடுங்கள். குப்பை அள்ள வருகிறவர் வெறுங்கையோடுதான் வருகிறார்.